டாக்டரின் வயது என்ன: 900ஆ, 2000ஆ, 450 கோடியா?

‘டாக்டர் ஹூ’ தொடரின் நாயகருக்கு உண்மையில் என்ன வயது என்பது கேள்வி. 2005இல் தமக்கு 900 என்றார். 2014இல் இரண்டாயிரத்துக்கு மேல் என்றார். 2015இல் 450 கோடி ஆண்டுகள் ஓரிடத்தில் அடைபட்டுக் கிடந்தார். 2020இல் அவருடைய பூர்வீகமே யாருக்கும் தெரியாது என்றாகிவிட்டது. இவற்றில் எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் வாயால் சொல்லும் கணக்குப்படி இரண்டாயிரத்துச் சொச்சம். ஆனால் அந்தக் கணக்கில் சில நூறாண்டுகள் விடுபட்டிருக்கின்றன என்பதற்குத் திரையிலேயே சான்று இருக்கிறது. 450 கோடியை வயதோடு சேர்க்கக் கூடாது. இதுதான் என் விடை. இதை ஏற்காத ரசிகர்கள் ஏராளம், அவர்களிடமும் நல்ல வாதங்கள் இருக்கின்றன என்பதால் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் தொடங்கிய இத்தொடரில், கேலிஃப்ரே என்ற கிரகத்தைச் சேர்ந்த ‘டைம் லார்ட்’ ஒருவர், வெளியிலிருந்து பார்த்தால் பிரிட்டிஷ் போலீஸாரின் நீலநிறத் தொலைபேசிப் பெட்டியாகவும் உள்ளே நுழைந்தால் அரண்மனை போல் விரிந்தும் தோன்றும் டார்டிஸ் என்ற வாகனத்தில் காலம் விட்டுக் காலம் பயணிக்கிறார். சாகும் தறுவாயில் உடல் முழுதும் மாறி வேறொருவராக எழுவார். நடிகர்கள் மாறிக்கொண்டே இருந்தும் பாத்திரம் ஒன்றாகவே நீடிப்பது அதனால்தான். இங்கே வயது என்பது அவர் உடம்பால் வாழ்ந்து கழித்த காலம் மட்டுமே. இன்றைய லண்டனில் ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு, 500 கோடி ஆண்டுகள் தள்ளிப் போய்ப் பூமி எரிந்து அழிவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், அன்றைக்கு அவருக்குக் கூடுவது ஒரு பகல்பொழுதுதான். எந்த ஊர் நாள்காட்டியும் அவருக்கு உதவாது. தம் நாட்களைத் தாமே எண்ணிக்கொண்டால்தான் உண்டு. 2010 முதல் 2017 வரை தொடரின் தலைமை எழுத்தாளராக இருந்த ஸ்டீவன் மொஃபட், டாக்டருக்குத் தம் வயது தெரியாது, அவர் சொல்வதெல்லாம் பொய், சுவரில் கோடு போட்டுக்கொண்டே வந்தாலொழிய எப்படித் தெரிந்திருக்கும் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எழுதியவரே சொன்ன பிறகு பேச என்ன இருக்கிறது என்று விட்டுவிடலாம்தான். ஆனால் சொன்னவை அத்தனையும் வெறும் பொய்யாக இருந்தால், வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்கள் எழுதிய எண்கள் சில இடங்களில் இவ்வளவு அழகாக ஒன்றோடொன்று பொருந்த வேண்டிய அவசியமில்லை.

முதல் டாக்டரான வில்லியம் ஹார்ட்னெல் காலத்தில் வயதுக்கு எண்ணே கிடையாது. கிழவர் என்பது மட்டும்தான் தெரியும். முதல் எண் 1967 செப்டம்பரில் ஒளிபரப்பான ‘தி டூம் ஆஃப் தி சைபர்மென்’ கதையில் வருகிறது. டார்டிஸுக்குப் புதிதாக வந்த விக்டோரியா கேட்க, இரண்டாம் டாக்டரான பேட்ரிக் டிரவுட்டன் சற்றுத் தயங்கி மனக்கணக்குப் போட்டு, பூமிக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 450 இருக்கும் என்கிறார். பிபிசி பழைய நாடாக்களை அழித்த காலத்தில் இந்தக் கதையின் பிரதியும் காணாமல் போய், 1990களின் தொடக்கத்தில் ஹாங்காங்கிலிருந்து திரும்பக் கிடைத்தது. ‘பூமிக் கணக்கில்’ என்ற அந்தச் சொற்களை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்து வந்த ஜான் பெர்ட்வீ 1970, 1971ஆம் ஆண்டுகளின் கதைகளில், தாம் பல ஆயிரம் ஆண்டுகளாக வாழ்ந்துவருவதாகப் போகிறபோக்கில் சொல்கிறார். டாம் பேக்கர் வந்ததும் எண் மறுபடி இறங்கிவிடுகிறது: 1975இல் 750 போல, அடுத்த ஆண்டு 749. முன்னும் பின்னும் இருப்பவை 450, 750 என்று ஒழுங்காக ஏறும்போது, நடுவில் கிடக்கும் ‘பல ஆயிரம்’ மிகைப்பேச்சு என்று தள்ளிவிடலாம். பெர்ட்வீயின் டாக்டர் அதிகாரிகளை மட்டம் தட்டியே பேசிப் பழகியவர். அவர் வாயில் அது பொருந்தவும் செய்கிறது.

பழைய தொடரில் நான் மிகவும் நம்பும் சான்று 1978ஆம் ஆண்டின் ‘தி ரிபோஸ் ஆபரேஷன்’ கதையில் இருக்கிறது. ரொமானா என்ற இளம் டைம் லார்டை டாக்டருக்கு உதவியாளராக அனுப்பிவைக்கிறார்கள். அவளுக்கு வயது 140ஐ நெருங்குகிறது, படிப்பை முடித்த கையோடு வந்திருக்கிறாள், அதற்குரிய மிடுக்கும் இருக்கிறது. டாக்டர் தம் வயது 756 என்றும் அது முதுமையல்ல, முதிர்ச்சி என்றும் சொல்கிறார். எங்கேயோ எண்ண விட்டுவிட்டீர்கள், உங்களுக்கு 759 என்று அவள் திருத்துகிறாள். இதே ரொமானாதான் அவர் கல்விக்கழகத் தேர்வில் இரண்டாம் முறை எழுதி 51 சதவீதத்தில் தேறியதைப் போட்டு உடைத்தவள். ஆக, அவருடைய பதிவேடுகளைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். தொடர் முழுவதிலும் டாக்டரின் வயதை அவரல்லாத ஒருவர் ஆவணத்தை வைத்துச் சொல்லும் இடமாக இதைத்தான் கருத வேண்டும். அதே பருவத்தில் சில கதைகள் தள்ளி அவர் தம்மை ஏறத்தாழ 760 என்று சொல்லிக்கொள்கிறார். முணுமுணுக்காமல் திருத்தத்தை ஏற்றுக்கொண்டார் போலிருக்கிறது.

ரிபோஸுக்கு அடுத்து வந்த, டக்ளஸ் ஆடம்ஸ் எழுதிய ‘தி பைரேட் பிளானட்’ கதையில் அவர் டார்டிஸை ஓட்டத் தொடங்கி 523 ஆண்டுகள் ஆகின்றன என்ற விவரம் வருகிறது. 759இலிருந்து 523ஐக் கழித்தால் 236. அதாவது அவர் கேலிஃப்ரேயை விட்டுக் கிளம்பியபோது வயது ஏறத்தாழ 236. 2008இல் டேவிட் டென்னன்ட் தமது தொண்ணூறாவது வயதைக் குறிப்பிட்டு, அப்போது நான் சிறுபிள்ளை என்பார். தொண்ணூறில் சிறுபிள்ளை, 140இல் படிப்பை முடித்த இளைஞர், 236இல் பேத்தியை அழைத்துக்கொண்டு ஊரைவிட்டு ஓடியவர் என்று, முப்பது ஆண்டு இடைவெளியில் எழுதப்பட்ட துண்டுகள் ஒரே வாழ்க்கைக்குள் அடங்குகின்றன.

சிக்கல் 1980களில் தொடங்குகிறது. 1985இல் காலின் பேக்கரின் டாக்டர் 900 வயது என்கிறார். அது பரவாயில்லை; நாம் பார்க்காத சாகசங்களில் 140 ஆண்டுகள் கழிந்தன என்று வைத்துக்கொள்ளலாம். 1987இல் சில்வெஸ்டர் மெக்காயின் முதல் கதையில் ஒரு பூட்டைத் திறக்கும் எண் 953. அது என் வயது, ராணியின் வயதும் அதுதான் என்று அவர் சொல்கிறார் (ராணி என்பது அந்தக் கதையின் வில்லிக்குப் பெயர்). அதற்குப் பிறகு எட்டாம் டாக்டரின் வாழ்நாள், டைம் லார்டுகளுக்கும் டாலெக்குகள் என்ற எதிரிகளுக்கும் நடந்த காலப் போர் எல்லாம் கழிந்து 2005இல் தொடர் மீண்டும் வருகிறது. உடன் பயணிக்கும் ரோஸின் அம்மாவிடம் அறை வாங்கிய கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன், 900 ஆண்டுகளாகச் சுற்றுகிறேன், ஒருத்தருடைய அம்மாவும் என்னை அறைந்ததில்லை என்று கன்னத்தைத் தடவிக்கொள்கிறார். அது என்ன 900 என்று ரோஸ் கேட்டால், என் வயது என்கிறார். 953ஐத் தாண்டிப் பல காலம் ஆன மனிதர் 900 என்று சொல்வதைத்தான் ரசிகர்களால் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

மூன்று சமாதானங்கள் அடிக்கடி சொல்லப்படுகின்றன. கேலிஃப்ரேயின் ஆண்டு நீளமானது, ஒரு தடவை அந்தக் கணக்கிலும் மறு தடவை பூமிக் கணக்கிலும் சொல்கிறார் என்பது ஒன்று. கேட்க நன்றாக இருந்தாலும், 450ஐ அவர் பூமிக் கணக்கு என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டதால், 450, 750, 900, 953 என்ற வரிசையின் நடுவே எந்த இடத்தில் கணக்கு மாறியது என்று காட்ட வேண்டிய பொறுப்பு அப்படிச் சொல்கிறவர்களுக்கு வந்துவிடுகிறது. எந்தக் கதையிலும் அதற்கு ஒரு குறிப்பும் கிடையாது.

இரண்டாவது சமாதானம் கெட்டிக்காரத்தனமானது, நீண்ட காலம் எனக்கும் பிடித்திருந்தது. 900 என்பது பிறப்பிலிருந்து எண்ணியதல்ல, பயணம் தொடங்கியதிலிருந்து எண்ணியது என்கிறார்கள். 236 வயதில் கிளம்பியவர் 953இல் 717 ஆண்டுகள் பயணித்திருப்பார். 900க்கு இன்னும் 183 ஆண்டுகள் இருக்கின்றன. எட்டாம் டாக்டரையும் போரையும் அதற்குள் அடக்கிவிடலாம். 2005இலேயே இன்னொரு அத்தியாயத்தில் 900 ஆண்டுகாலத் தொலைபேசிப் பெட்டிப் பயணம் என்று அவரே சொல்வது இதற்கு வலுச் சேர்க்கிறது. ஆனால் இதை உடைப்பது சாதாரண சாட்சியில்லை, டார்டிஸே. 2011இல் நீல் கெய்மன் எழுதிய ‘தி டாக்டர்ஸ் வைஃப்’ அத்தியாயத்தில் டார்டிஸின் உயிர் ஒரு பெண்ணுடலுக்குள் புகுந்து பேசுகிறது. கதவை வெளிப்புறம் இழுக்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருந்தும் 700 ஆண்டுகளாக ஒவ்வொரு தடவையும் உள்ளே தள்ளுகிறாய் என்று அவரைக் கடிந்துகொள்கிறது. அந்தச் சமயத்தில் டாக்டர் தம் வயதாகச் சொல்வது 909. கழித்தால் 209, ஒரு கோபப் பேச்சில் வரும் முழு எண்ணுக்கு 236இலிருந்து இவ்வளவு விலகல் மன்னிக்கத்தக்கது. ஆகவே புதிய தொடரின் 900 பிறப்பிலிருந்து எண்ணியதுதான், பழைய தொடரின் 759உம் அதே அளவுகோல்தான்.

மிஞ்சுவது மூன்றாவது சமாதானம்: காலப் போரில் அவர் எண்ண மறந்துவிட்டார், போர் முடிந்ததும் ஏதோ ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து தொடர்ந்தார். பலர் இதைச் சோம்பேறி விடை என்பார்கள். நான் இதன் பக்கம்தான், காரணம் போர்க்கால டாக்டராக நடித்த ஜான் ஹர்ட்டின் முகம். எட்டாம் டாக்டர் போர் வீரராக உருமாறும் 2013ஆம் ஆண்டுக் குறும்படத்தின் இறுதியில் கண்ணாடியில் தெரிவது இளைஞரான ஜான் ஹர்ட். அதே ஆண்டு நவம்பரில் ஒளிபரப்பான ஐம்பதாம் ஆண்டுச் சிறப்பு அத்தியாயத்தில் போரின் கடைசி நாளில் நாம் பார்ப்பது வெள்ளைத் தாடி வைத்த கிழவர். டைம் லார்டின் உடல் இப்படித் தளர எவ்வளவு காலம் ஆகும்? அதே டிசம்பரில் அதற்கும் அளவுகோல் கிடைத்துவிடுகிறது. டிரென்ஸலோர் கிரகத்தில் கிறிஸ்துமஸ் என்ற சிற்றூரைக் காத்து நிற்கும் மேட் ஸ்மித்தின் டாக்டர், 300 ஆண்டுகள் கழிந்த பிறகும் நரைகண்ட நடுவயதினராகத்தான் தெரிகிறார். தள்ளாத கிழவராக மேலும் பல நூறாண்டுகள் ஆகின்றன. அப்படியானால் ஹர்ட்டின் முகத்தில் இருப்பது குறைந்தது சில நூறாண்டுகள். அவற்றை 953உடன் கூட்டினாலும் சரி, 1980களின் எண்களை மறந்துவிட்டு 760உடன் கூட்டினாலும் சரி, 2005இல் 900 என்பது குறைவான எண்ணாகத்தான் இருக்க முடியும்.

அந்தச் சிறப்பு அத்தியாயத்திலேயே இன்னொரு சாட்சியமும் இருக்கிறது. வயது கேட்கப்பட்டதும் மேட் ஸ்மித், 1200 சொச்சம் இருக்கும், பொய் சொல்லவில்லையென்றால், பொய் சொல்கிறேனா என்பதே நினைவில்லாத அளவுக்கு வயதாகிவிட்டது என்று மழுப்புகிறார். அப்படியானால் என்னைவிட 400 ஆண்டு மூத்தவன் என்கிறார் ஹர்ட். கிழவரின் மனக்கணக்கில் அவருக்கு வயது எண்ணூற்றுச் சொச்சம். ஆக, கணக்கு தவறியது போருக்குப் பிறகு அல்ல, போர் முடியும் நாளிலேயே அது தவறிக்கிடந்தது.

எழுதுகிறவர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதெல்லாம் மிக எளிமையாக விளங்கும். ஒவ்வோர் எண்ணும் அந்தக் காட்சியின் தேவைக்காகப் பிறந்தது. 756 ரொமானா திருத்துவதற்காக. 953 பூட்டுக்காக. 900 அறை வாங்கிய நகைச்சுவைக்காக. 2005இல் கால் நூற்றாண்டு பழைய எண்களைத் தேடிப் பிடித்துச் சரிபார்க்கும் அவசியம் யாருக்கும் இருக்கவில்லை; புதிதாகத் தொடரைப் பார்க்க வந்தவர்களுக்கு மனத்தில் நிற்கும் முழு எண் ஒன்று வேண்டியிருந்தது. அதன்பின் சில ஆண்டுகள் ஒளிபரப்போடு ஒட்டியே வயதும் ஏறியது: 2007 இறுதியில் 903, 2009 இறுதியில் 906, 2010இல் 907, 2011இல் 909. மொஃபட் வந்ததும் இந்த நிதானத்தை உடைத்தார். 909 வயதுக்காரர் கதவைத் திறந்துகொண்டு வருகிற அதே அத்தியாயத்தில், யூட்டாவின் ஏரிக்கரையில் 1103 வயதுக்காரர் சுட்டுக் கொல்லப்படுகிறார்; நண்பர்களுக்குத் தெரியாமல் 194 ஆண்டுகள் அவர் தனியே அலைந்திருக்கிறார் என்ற அதிர்ச்சியை இரண்டு எண்களே ஏற்படுத்திவிடுகின்றன. 2012இல் 1200. அதற்குப் பின் டிரென்ஸலோரில் மொத்தம் 900 ஆண்டுகள் போல. கூட்டினால் 2100, 2014இல் பீட்டர் கபால்டி தம் முதல் அத்தியாயத்தில் இரண்டாயிரத்துக்கு மேல் என்று சொல்வது இதோடு ஒத்துப்போகிறது. வெறும் கூட்டலாக இந்தப் பகுதியில் குறையே சொல்ல முடியாது. தொடங்கிய எண்தான் பிசகு.

இனி 450 கோடிக்கு வருவோம். 2015ஆம் ஆண்டின் ‘ஹெவன் சென்ட்’ அத்தியாயத்தில் கபால்டி கடல் சூழ்ந்த ஒரு கோட்டையில் அடைபட்டிருக்கிறார். வெளியேறும் வழியை மறைத்து நிற்கிறது வைரத்தைவிட 400 மடங்கு கடினமான, இருபது அடி தடித்த சுவர். அதை அவர் வெறும் கையால் குத்துகிறார். நான்கைந்து குத்துக்குள் துரத்தி வரும் உருவம் அவரைத் தொட்டுவிடுகிறது. குற்றுயிராக ஊர்ந்து முதல் அறைக்குத் திரும்பித் தம் உடலையே எரிபொருளாக்கி இயந்திரத்தை முடுக்க, வந்து சேர்ந்த கணத்தில் பதிவான நகலிலிருந்து புதிய டாக்டர் ஒருவர் எழுகிறார். அவரும் அதையே செய்கிறார். ஒரு பறவை அலகு தீட்டி மலையைத் தேய்க்கும் பழங்கதையைச் சொல்லிக்கொண்டே, சுவர் உடையும்வரை.

சேர்க்க வேண்டும் என்பவர்களின் வாதம் இது: டாக்டரே தம் பயணத் தோழி கிளாராவிடம் எல்லாம் நினைவிருக்கிறது, ஒவ்வொரு தடவையும் நினைவிருக்கிறது என்று கதறுகிறாரே, நினைவிருந்தால் வாழ்ந்ததுதானே? வலுவான வாதம்தான். ஆனால் சுவரை உடைத்து வெளியே வந்த உடல் கோட்டைக்குள் இருந்தது மிகச் சொற்ப காலம்; அதற்கு முன்னிருந்தவர்கள் சாம்பலாகிவிட்டார்கள். நினைவை மட்டும் வைத்து வயதை ஏற்றலாமா என்பதற்குத் தொடரே முன்னர் ஒரு தீர்ப்பு சொல்லியிருக்கிறது. ரோரி என்ற பாத்திரம் பிளாஸ்டிக் உடல் கொண்ட ரோமானிய வீரனாகக் கி.பி. 102 முதல் 1996 வரை தன் காதலி அடைபட்டிருந்த பெட்டியைக் காவல் காத்தான். பிரபஞ்சம் மீண்டும் தொடங்கப்பட்டபோது மனித உடலோடு திரும்பினான். அந்த நினைவு தலைக்குள் ஒரு கதவுக்குப் பின்னால் இருப்பதாகவும், பெரும்பாலும் அதை மூடி வைத்திருப்பதாகவும் பிறகு சொன்னான். ரோரிக்கு வயது 1900 என்று எந்த ரசிகரும் வாதாடி நான் கேட்டதில்லை. அதோடு, கோட்டையிலிருந்து மீண்டு வெகுகாலம் கழித்து 2017இல் பில் என்ற மாணவியிடம் பேசும்போதும் கபால்டி தம்மை 2000 வயதினர் என்றுதான் சொல்லிக்கொள்கிறார். அவரே சேர்க்காததை நாம் ஏன் சேர்க்க வேண்டும்?

2020 மார்ச் 1 அன்று ஒளிபரப்பான ‘தி டைம்லெஸ் சில்ட்ரன்’ இந்த விவாதத்தை வேறு திசைக்குக் கொண்டுபோனது. ஜோடி விட்டேக்கரின் டாக்டர் கேலிஃப்ரேயில் பிறந்தவரே அல்லர். டெக்டியூன் என்ற ஆய்வாளர் வேறோர் உலகின் வாயிலில் கண்டெடுத்த குழந்தை. எத்தனையோ பிறவிகள் வாழ்ந்த பிறகு நினைவுகள் அழிக்கப்பட்டு மீண்டும் குழந்தையாக வளர்க்கப்பட்டவர் என்று அப்போதைய தலைமை எழுத்தாளர் கிறிஸ் சிப்னால் எழுதினார். 1976இல் ஒரு மனப்போர்க் காட்சியில் ஹார்ட்னெலுக்கு முந்தையவை போல வந்துபோன எட்டு முகங்களுக்கு இப்படி ஒருவழியாக விளக்கம் கிடைத்தது. வயதுக்கோ விளக்கம் கிடைக்கவில்லை, ஏனென்றால் அந்த முன்வாழ்க்கை எவ்வளவு நீண்டது என்று எங்கும் சொல்லப்படவில்லை. அந்த நினைவுகள் அடங்கிய சட்டைப்பைக் கடிகாரம் கைக்கு வந்தபோதும் அவர் அதைத் திறக்காமல் டார்டிஸின் ஆழத்தில் மறைத்துவைக்கச் சொல்லிவிட்டார். ரொமானாவின் 759 இதனால் பொய்யாகிவிடவில்லை. அவள் பார்த்த பதிவேடு இரண்டாம் குழந்தைப்பருவத்திலிருந்துதான் தொடங்கியிருக்கும்.

2000 என்று சொன்ன பிறகு கழிந்த காலமும் இருக்கிறது. ஜுடூன் என்ற வேற்றுக்கிரகக் காவலர்களின் சிறையில் விட்டேக்கரின் டாக்டர் பல பத்தாண்டுகள் கிடந்தார். அதை யாரும் எண்ணோடு சேர்த்துச் சொல்லக் காணோம். 2023இல் இன்னும் பெரிய குழப்பம். டென்னன்ட்டின் பதினான்காம் டாக்டர் உருமாறும்போது மறையாமல் இரண்டாகப் பிரிய, நுச்சூட்டி கட்வாவின் பதினைந்தாம் டாக்டர் அவர் பக்கத்திலேயே எழுந்து நிற்கிறார். ஒருவர் பழைய பயணத் தோழி டோனாவின் குடும்பத்தோடு தங்கி ஓய்வெடுக்கிறார், மற்றவர் டார்டிஸில் கிளம்புகிறார். இதோடு விட்டிருந்தால், அன்று முதல் இரண்டு தனித்தனி வயதுகள் என்று முடித்திருக்கலாம். ஆனால் நீ ஆறித் தேறியதால்தான் நான் நன்றாக இருக்கிறேன், நமக்கு எல்லாம் வரிசை மாறி நடக்கிறது என்று இளையவர் மூத்தவரிடம் சொல்கிறார். அப்படியானால் பதினான்காமவர் அந்த வீட்டுத் தோட்டத்தில் இனிமேல் கழிக்கப்போகும் ஆண்டுகள் எல்லாம் பதினைந்தாமவரின் வயதில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டனவா என்பதில் ரசிகர்கள் இப்போது இரண்டு கட்சி. சேர்ந்துவிட்டன என்ற கட்சியில் நான் இருக்கிறேன்; ஆறித் தேறிய பலன் வந்து சேர்ந்திருக்கும்போது அதற்குச் செலவான காலம் மட்டும் வராமல் எப்படி இருக்கும்?